பெக் தி கொஸ்டின்: நான் தவறாகச் சொல்லிக்கொடுத்த ஒரு வரி

நீண்ட பதிவு. காபியோடு உட்கார்ந்தால் டம்ளர் காலியான பிறகும் பதிவு மிச்சமிருக்கும். இருந்தாலும் என்னிடம் மேல்நிலை வகுப்பில் ஆங்கிலம் படித்தவர்கள் தயவுசெய்து கடைசிவரை படியுங்கள். இது ஒரு பிழைதிருத்தம். 31 வருடம் அடுத்தவர் நோட்டில் சிவப்பு மையால் கோடு போட்டவன், இன்றைக்கு என் நோட்டிலேயே போடுகிறேன்.

போன மாதம் ஒரு மாணவன் போன் செய்தான். 1994ல் பன்னிரண்டாவது முடித்தவன். பெயர் போடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். சென்னையில் ஒரு கம்பெனியில் வெளிநாட்டுக் கடிதப் போக்குவரத்தைப் பார்த்துக்கொள்கிறான். சரக்கு தாமதமானதைப் பற்றி ஒரு சப்ளையரிடம் மூன்று கேள்வி கேட்டிருக்கிறான். ஒரு பக்கத்துக்குப் பதில் வந்திருக்கிறது. அதில் உலகப் பொருளாதாரம் இருந்தது, கப்பல் போக்குவரத்து இருந்தது, இவன் கேட்ட மூன்றில் ஒன்றுகூட இல்லை. கோபத்தில் இவன், 'யுவர் ரிப்ளை பெக்ஸ் தி கொஸ்டின்' என்று எழுதி, மேலதிகாரிகள் நாலு பேருக்கு நகலும் போட்டு அனுப்பிவிட்டான். அவன் சொல்ல வந்தது, "கேட்டதற்குப் பதில் சொல்லாமல் மழுப்புகிறீர்கள்" என்பது.

அந்த சப்ளையர் பணிவாக, "எந்தக் கேள்வியை எழுப்புகிறது? சொன்னால் பதில் தருகிறோம்" என்று கேட்டு எழுதினார். இவனுடைய வெளிநாட்டு மேலதிகாரி தனியாக ஒரு மெயில் போட்டார்: "அவர்களுடைய வாதம் தன்னைத்தானே சுற்றிவருகிறது என்று குற்றம் சாட்டுகிறீர்களா? எனக்கு அப்படித் தெரியவில்லையே." ஒரே வாக்கியத்தை மூன்று பேர் மூன்று விதமாகப் புரிந்துகொண்டார்கள். சரக்கு ஏன் தாமதம் என்ற பேச்சு போய், இவனுடைய ஆங்கிலம் சரியா தப்பா என்ற பேச்சாகிவிட்டது. நழுவப் பார்த்தவருக்கு இவனே ஏணி எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகிப்போனது.

"சார், நீங்கதானே சார் சொல்லிக்கொடுத்தீங்க" என்றான்.

"நான் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன் தம்பி" என்றேன். கொஞ்சம் அதிகாரமாகவே சொன்னேன்.

பத்து நிமிடத்தில் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. 1993ஆம் வருடத்து நோட்டு. ஓரம் பூச்சி அரித்திருக்கிறது. 'இடியம்ஸ் அண்ட் ஃப்ரேஸஸ்' என்ற தலைப்பு. பதினாறாவது வரியில் 'பெக் தி கொஸ்டின்: கேள்விக்கு நேராகப் பதில் சொல்லாமல் நழுவுதல்'. பக்கத்தில் என் சிவப்பு டிக். கீழே என் சுருக்கெழுத்து, தேதியோடு.

அதற்கு மேல் என்ன பேசுவது?

எங்கிருந்து எடுத்தேன் என்று இப்போது யோசித்தால் ஞாபகம் வருகிறது. அந்தக் காலத்தில் கடையில் கிடைத்த ஒரு கைடு. நாற்பது மரபுத்தொடர்களை அதிலிருந்து அப்படியே டிக்டேட் செய்வேன். பள்ளியில் பெரிய அகராதி ஒன்று இருந்தது, பீரோவுக்குள். சாவி வாங்கித் திறந்து பார்க்க எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. கைடில் இருந்தது, நான் சொன்னேன், நீங்கள் எழுதினீர்கள், நான் டிக் போட்டேன். வருடத்துக்கு அறுபது எழுபது பிள்ளைகள் என்று வைத்தாலும் எத்தனை நோட்டில் அந்த வரி போயிருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

சரி, அந்தத் தொடரின் உண்மையான பொருள் என்ன? கேள்வியிலிருந்து நழுவுவதற்கும் அதற்கும் நேரடிச் சம்பந்தமில்லை. எந்த விஷயத்தை நிரூபிக்க வேண்டுமோ, அதையே ஆதாரமாக எடுத்துவைத்து வாதாடுவதற்குத்தான் அந்தப் பெயர்.

நம்ம ஊர் டீக்கடையில் கேட்கக்கூடிய உதாரணம் ஒன்று சொல்கிறேன்.

"இது என் இடம்."

"எப்படிச் சொல்றீரு?"

"வேலி நான் போட்டிருக்கேன்லா."

"நீரு எப்படி அங்க வேலி போட்டீரு?"

"என் இடத்துல நான் போடாம வேற எவன் போடுவான்?"

வேலிக்கு ஆதாரம் இடம், இடத்துக்கு ஆதாரம் வேலி. பத்திரம் எங்கே என்பதுதான் பிரச்சினை. அதைக் காட்டாமலேயே பத்திரம் இருப்பதுபோலப் பேசியாகிவிட்டது. இதுதான் பெக்கிங் தி கொஸ்டின். ஃபிரெஞ்சு நாடக ஆசிரியர் மோலியேர் 1673ல் மேடையேற்றிய தன் கடைசி நாடகத்தில் இதை வைத்து வைத்தியர்களைக் கிண்டல் செய்திருக்கிறார். அபின் ஏன் தூக்கம் வரவழைக்கிறது என்று கேட்டால், அதற்குத் தூங்கவைக்கும் சக்தி இருப்பதால் என்று அதில் பதில் வரும். கேட்டவர்கள் பிரமாதம் என்று தலையாட்டுவார்கள். கேட்ட கேள்வியையே லத்தீனில் திருப்பிச் சொன்னதுதான் நடந்தது.

இதற்குப் போய் ஏன் 'பெக்', அதாவது பிச்சை கேட்பது, என்று பெயர் வந்தது? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. கொஞ்சம் நீட்டுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிரேக்கத்தில் அரிஸ்டாட்டில் காலத்தில், அதாவது கி.மு. 4ஆம் நூற்றாண்டில், வாதம் செய்வது ஒரு விளையாட்டைப் போல நடந்தது. அதற்கு விதிகள் உண்டு. ஒருவர் கேட்பவர், மற்றவர் பதில் சொல்பவர். பதில் சொல்பவர் ஒரு கருத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கேட்பவர் சின்னச் சின்னக் கேள்விகளாகக் கேட்டு, "இதை ஒத்துக்கொள்கிறீர்களா, சரி, இதை ஒத்துக்கொள்கிறீர்களா" என்று ஒவ்வொன்றாக வாங்கி, கடைசியில் அவர் பிடித்த கருத்துக்கு எதிரான முடிவுக்கு அவரையே கொண்டுவந்து நிறுத்த வேண்டும். இதில் ஒரு குறுக்கு வழி இருக்கிறது. சுற்றி வளைக்காமல், எந்த விஷயத்தில் தகராறோ அதையே, "இதை ஒத்துக்கொண்டுவிடுங்களேன்" என்று கேட்டு வாங்கிவிடுவது. அது செல்லாது. தொடக்கத்தில் வைத்த பொருளையே கேட்டு வாங்குதல் என்ற அர்த்தத்தில் அரிஸ்டாட்டில் அந்தத் தவறுக்கு ஒரு பெயர் வைத்தார். தர்க்கம் பற்றிய நூல்களில் அதை விளக்கியும் இருக்கிறார்.

அது லத்தீனுக்குப் போனபோது 'பெட்டிஷியோ பிரின்சிபியை' என்று ஆனது. பெட்டிஷியோ என்றால் கேட்டல், கோருதல். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் வரிசையில் நின்று கொடுக்கிறோமே பெட்டிஷன், அதே வேர். 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இதை ஆங்கிலத்தில் சொல்ல வந்தவர்கள், 'கோருதல்' என்பதற்கு 'பெக்' என்று போட்டார்கள். 'விவாதப் பொருள்' என்பதற்கு 'கொஸ்டின்' என்று போட்டார்கள். கொஸ்டின் என்றால் கேள்விக்குறி போட்ட கேள்வி மட்டுமல்ல, விவாதத்தில் இருக்கிற விவகாரம் என்றும் பொருள் உண்டு. பாராளுமன்றத்தில் தீர்மானத்தை ஓட்டுக்கு விடும்போது சபாநாயகர் 'தி கொஸ்டின் இஸ்' என்று தொடங்குவாரே, அந்தக் கொஸ்டின்.

ஆக, நிரூபிக்காமல் இனாமாகக் கேட்டு வாங்கிக்கொள்வதுதான் இங்கே பிச்சை. நானூறு வருடம் கழித்து அந்த இரண்டு சொல்லையும் புதிதாகப் பார்ப்பவனுக்கு இது எப்படித் தெரியும்? பெக் என்றால் கெஞ்சுவது, கொஸ்டின் என்றால் கேள்வி. "இந்தச் சம்பவம் ஒரு கேள்வியைக் கேட்கச் சொல்லிக் கெஞ்சுகிறது" என்று ஆங்கிலேயர்களே புரிந்துகொண்டுவிட்டார்கள். அதனால்தான் இன்றைக்கு ஆங்கில டிவியிலும் பேப்பரிலும் 'விச் பெக்ஸ் தி கொஸ்டின்' என்று சொல்லி, உடனே ஒரு கேள்வியைக் கேட்கிறார்கள். அங்கே அதன் பொருள் 'கேள்வியை எழுப்புகிறது' என்பதுதான். இன்றைய ஆங்கில அகராதிகள் பலவும் இந்தப் பொருளைச் சேர்த்துக்கொண்டுவிட்டன.

நான் சொல்லிக்கொடுத்த 'நழுவுதல்' என்ற பொருள் நான் பிடித்த கைடின் சொந்தக் கண்டுபிடிப்பும் இல்லை. ஆங்கிலேயர்களும் அப்படிப் புரிந்துகொண்டு எழுதியிருக்கிறார்கள். 1926ல் வந்த ஃபௌலர் என்பவரின் ஆங்கிலப் பிரயோக அகராதி மிகப் பிரசித்தம். ஆங்கிலம் எழுதுகிறவர்களுக்கு அது ஒரு நன்னூல் மாதிரி. பலரும் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கும் சங்கதிகள் என்று அதில் அவர் ஒரு பட்டியல் போட்டிருக்கிறார். நேரான பதில் தராமல் தவிர்ப்பதுதான் பெக் தி கொஸ்டின் என்ற எண்ணம் அந்தப் பட்டியலில் இருக்கிறது. நான் பிறப்பதற்கு முன்பே ஒருவர் இதைத் தவறு என்று அச்சில் போட்டுவிட்டார். நான் அதைச் சரி என்று சொல்லி, மார்க்கும் போட்டிருக்கிறேன்.

இந்தத் தொடரைப் படிக்கும்போது எந்தப் பொருளில் வந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. அதற்குப் பின்னால் முக்காற்புள்ளியோ ஒரு கேள்வியோ வந்தால், 'எழுப்புகிறது' என்ற புதிய பொருள். பின்னால் எதுவும் வராமல் முற்றுப்புள்ளி விழுந்து, எழுவாய் ஒரு வாதமாகவோ காரணமாகவோ இருந்தால், பழைய தர்க்கப் பொருள். ஒரு மனிதரோ ஒரு பதிலோ எழுவாயாக இருந்தால்தான் சிக்கல். அங்கே நழுவினார் என்றும் இருக்கலாம், வட்டமடித்தார் என்றும் இருக்கலாம். என் மாணவன் மாட்டிக்கொண்டது அந்த இடத்தில்தான்.

சரி, எழுதும்போது என்ன செய்வது? என் அபிப்பிராயத்தைப் பச்சையாகச் சொல்கிறேன். எழுதாதீர்கள். மூன்று பொருளில் எதற்காகவும் எழுதாதீர்கள். இது நான் தனியாகக் கண்டுபிடித்த ஞானம் இல்லை. அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழக மொழியியல் பேராசிரியர் மார்க் லிபர்மன் 2010லேயே இந்தத் தொடரின் சரித்திரத்தை முழுக்க ஆராய்ந்து எழுதிவிட்டு, இதே யோசனையைத்தான் சொன்னார். நீ பயன்படுத்தாதே, அடுத்தவன் பயன்படுத்தினால் கோபப்படாதே என்பது அவர் சொன்னதின் சாரம். இரண்டாவது பாதி எனக்குக் கொஞ்சம் கஷ்டம். முயற்சி செய்கிறேன்.

கேள்வி எழுகிறது என்று சொல்ல வேண்டுமா, 'ரெய்ஸஸ் தி கொஸ்டின்' என்று போடுங்கள். யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். வாதம் வட்டமடிக்கிறது என்று சொல்ல வேண்டுமா, 'அஸ்யூம்ஸ் வாட் இட் ஹாஸ் டு ப்ரூவ்' என்றோ, சுருக்கமாக 'சர்க்குலர்' என்றோ எழுதுங்கள்.

நழுவுவதைச் சொல்லத்தான் ஆங்கிலத்தில் சொற்கள் கொட்டிக் கிடக்கின்றன. அவற்றுக்குள் உள்ள வித்தியாசத்தை நான் வகுப்பில் சொல்லவேயில்லை, இப்போது சொல்கிறேன். 'எவேட்' என்றால் வேண்டுமென்றே தப்பிக்கிறார் என்ற குற்றச்சாட்டு அதற்குள்ளேயே இருக்கிறது. 'டாட்ஜ்', 'டக்' இரண்டும் எறிந்த கல்லுக்கு ஒதுங்குவது, தலையைக் குனிவது. பேச்சுக்கும் பத்திரிகைக்கும் பொருந்தும், ஆபீஸ் கடிதத்தில் கொஞ்சம் தெருச்சண்டை வாசனை அடிக்கும். 'சைட்ஸ்டெப்' கொஞ்சம் நாசூக்கு. ஓரமாக ஒரு அடி எடுத்துவைத்து விலகிக்கொண்டார் என்பதுபோல. 'டிஃப்ளெக்ட்' என்றால் வந்த பந்தை வேறு பக்கம் தட்டிவிடுவது, என் தப்பு என்ன என்று கேட்டால் உன் தப்பு என்ன என்று திருப்புவது. 'பீட் அபௌட் தி புஷ்' என்பது வேறு. அங்கே ஆள் ஓடவில்லை, விஷயத்துக்கு வராமல் புதரைச் சுற்றிச் சுற்றி அடித்துக்கொண்டிருக்கிறார். புதருக்குள் இருக்கும் பறவையைக் கிளப்புவதற்காக வேட்டைக்காரர்களின் ஆட்கள் கம்பால் தட்டுவார்களே, அதிலிருந்து வந்தது. இங்கிலாந்துக்காரர்கள் 'அபௌட்' என்பார்கள், அமெரிக்காக்காரர்கள் 'அரௌண்ட்' என்பார்கள். இரண்டும் சரி. ஒரே கடிதத்தில் இரண்டையும் போடாதீர்கள்.

ஆபீஸ் கடிதத்துக்கு என் சிபாரிசு இவற்றில் எதுவுமே இல்லை. 'யூ ஹேவ் நாட் ஆன்சர்ட் அவர் கொஸ்டின்ஸ்' என்று எழுதி, கேள்விகளை ஒன்று, இரண்டு, மூன்று என்று திரும்பவும் போட்டுவிடுங்கள். குற்றச்சாட்டு இல்லை, அலங்காரம் இல்லை. ஓடுவதற்கு இடமும் இல்லை. மரபுத்தொடர் போட்டால்தான் நல்ல ஆங்கிலம் என்ற எண்ணத்தை உங்கள் மண்டையில் ஏற்றியவர்களில் நானும் ஒருவன். கட்டுரையில் மூன்று இடியம் இருந்தால் அரை மார்க் கூடப் போடுவேன். ஞாபகம் இருக்கிறதா?

தமிழில் இந்த விஷயத்தில் நமக்குக் குறைவே இல்லை. மழுப்பல், நழுவல், பூசிமெழுகல், சுற்றிவளைத்தல், பேச்சை மாற்றுதல். பட்டுக்கோட்டைக்கு வழி கேட்டால் கொட்டைப்பாக்கு விலை சொல்கிற கதை எல்லாருக்கும் தெரியும். நான் ஆங்கில வாத்தியார் என்றாலும், பக்கத்து வகுப்பில் தமிழ் ஐயா நன்னூல் நடத்துவதைச் சுவர் வழியாகக் கேட்டுக் கேட்டுக் கொஞ்சம் படித்தவன். பவணந்தி முனிவர் விடையை எட்டு வகையாகப் பிரித்திருக்கிறார். அதில் நேராகப் பதில் சொல்வது மூன்றுதான். மீதி ஐந்தும் பார்ப்பதற்கு நழுவல் மாதிரியே இருக்கும். விளையாட வருகிறாயா என்றால் கால் வலிக்கிறது என்பான். ஆடுவாயா என்றால் பாடுவேன் என்பான். வருவேன் என்றோ மாட்டேன் என்றோ வாயால் சொல்லவில்லை, ஆனாலும் கேட்டவனுக்குப் பதில் புரிந்துவிடுகிறது. அதனால் அவையும் விடைதான் என்று நன்னூல் ஏற்றுக்கொள்கிறது. கேள்விக்கு நேராக இருக்கிறதா என்பதைவிட, கேட்டவனுக்கு விஷயம் போய்ச் சேர்ந்ததா என்பதுதான் அங்கே கணக்கு. அந்த சப்ளையரின் ஒரு பக்கப் பதிலை இந்த எட்டில் எந்த வகையிலும் சேர்க்க முடியாது என்று என் மாணவனிடம் சொன்னேன். போனில் சிரித்தான், முதல்முறையாக.

இந்தப் பதிவை எழுதப்போகிறேன் என்று சொன்னதும் என் அத்தான் ஒருவர் கேட்டார்: "மாப்ள, பாஷைன்னா மாறத்தானே செய்யும்? நாலு பேர் ஒரு அர்த்தத்துல சொன்னா அதானே அர்த்தம்? நீரு எதுக்கு மல்லுக்கட்டுதீரு?"

நியாயமான கேள்வி, நழுவமாட்டேன். மாறும். 'நைஸ்' என்ற சொல் ஆங்கிலத்துக்கு வந்தபோது முட்டாள் என்று பொருள். அதன் லத்தீன் வேருக்கு அறியாதவன் என்று அர்த்தம். இன்றைக்கு நல்லவன். நம்மிடம் நாற்றம் என்ற சொல் பூவின் வாசனைக்கும் இருந்தது, இன்று மூக்கைப் பொத்தச் சொல்கிறது. இதற்கெல்லாம் யாரும் அழ முடியாது. 'பெக்ஸ் தி கொஸ்டின்' என்றால் கேள்வியை எழுப்புதல் என்பதும் இன்னும் ஐம்பது வருடத்தில் ஒரே பொருளாக நிலைத்துவிடலாம். நிலைத்தால் என் பேரப்பிள்ளைகள் தாராளமாக எழுதட்டும்.

ஆனால் இன்றைய நிலை அதில்லை. பாதிப் பேர் பழைய பொருளில் படிக்கிறார்கள், பாதிப் பேர் புதிய பொருளில் படிக்கிறார்கள். எப்படி எழுதினாலும் ஒரு பாதிக்குக் குழப்பம், இல்லாவிட்டால் எரிச்சல். பிரையன் கார்னர் என்ற அமெரிக்க அகராதிக்காரர் இப்படி இரண்டு பக்கமும் இடிபடும் சொற்களுக்கு ஸ்கங்க் என்ற நாற்றம் பீய்ச்சும் பிராணியின் பெயரை வைத்து ஒரு பட்டம் கொடுத்தார். கொஞ்ச காலத்துக்கு அந்தச் சொல் பக்கம் போகாமல் இருப்பது நல்லது என்று அர்த்தம். கடிதம் எழுதுவது நம் காரியம் ஆவதற்கு. சொல்லின் சரித்திரத்துக்காக நம் சரக்கு துறைமுகத்தில் கிடக்க வேண்டுமா?

அத்தான் ஒத்துக்கொண்டாரா என்று தெரியவில்லை. "சரி, சாப்பிட்டாச்சா?" என்றார். இது எட்டில் எந்த வகை என்று தமிழ் படித்தவர்கள் சொல்லவும்.

இவ்வளவோடு முடித்திருக்கலாம். ஆனால் இதைப் படித்துக்கொண்டே போனபோது ஒரு விஷயம் தொண்டையில் முள்ளாக நின்றுவிட்டது. அதைச் சொல்லாமல் முடித்தால் நான் நழுவியவன் ஆவேன்.

ஜெரமி பெந்தாம் என்ற ஆங்கிலேயச் சட்ட அறிஞர் தர்க்கப் பிழைகளைத் தொகுத்து எழுதிய புத்தகம் 1824ல் வெளிவந்தது. அதில் அவர் ஒரு நுட்பமான சங்கதியைச் சொல்கிறார். வட்டமடிக்கிற வாதத்துக்கு ஒரு முழு வாக்கியம்கூடத் தேவையில்லை, ஒரே ஒரு சொல் போதும். பெயர் வைக்கும்போதே தீர்ப்பையும் சேர்த்து வைத்துவிடுவது. ஒரு புதிய யோசனையை எதிர்க்க வேண்டுமென்றால் அது ஏன் கெடுதல் என்று சொல்ல வேண்டாம், கெட்ட வாடை அடிக்கிற ஒரு பெயரை அதற்கு வைத்தால் போதும். கேட்பவன் பெயரோடு சேர்த்துத் தீர்ப்பையும் விழுங்கிவிடுவான்.

இதைப் படித்ததும் எனக்கு ஒரு சொல் ஞாபகம் வந்தது. மக்கு.

1989, பத்தாம் வகுப்பு. ஒரு பையன், நடுப் பருவத்தில் பக்கத்துக் கிராமத்துப் பள்ளியிலிருந்து வந்து சேர்ந்தவன். ஆங்கிலத்தில் எட்டு, பதினொன்று என்று மார்க். கடைசி பெஞ்சில் உட்காரவைத்தேன். அப்பா மாட்டு வண்டியில் செங்கல் லோடு அடிக்கிறவர். ஒரு நாள் வேலை நேரத்தில், தோளில் துண்டோடு வந்து ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்றார்.

"பையனுக்கு ஏன் சார் இங்கிலீஷ் வரமாட்டேங்கு?"

"மக்குய்யா அவன். ஏறாது."

"மக்குன்னு எப்படி சார் தெரியும்?"

"அதான் இங்கிலீஷ் ஏறமாட்டேங்குதே, வேற என்ன வேணும்?"

அவர் கொஞ்ச நேரம் நின்றார். என் பதிலில் எங்கேயோ ஒரு ஓட்டை இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. அதைச் சொல்ல அவரிடம் லத்தீன் இல்லை. வாத்தியாரை எதிர்த்துப் பேசும் வழக்கமும் இல்லை. "சரி சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அடுத்த வாரம் பையன் வரவில்லை. லேத் பட்டறையில் சேர்த்துவிட்டதாகச் சொன்னார்கள்.

வேலியும் இடமும் மாதிரிதான். மார்க் வராததற்குக் காரணம் மக்கு, மக்கு என்பதற்கு ஆதாரம் மார்க் வராதது. இந்த மாதிரி வாதத்தின் கெடுதலே, அது காரணம் சொன்ன மாதிரி ஒரு திருப்தியைக் கொடுத்துவிடுகிறது. அதற்குமேல் யாரும் தேடமாட்டார்கள். நான் தேடவில்லை. பல வருடம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் அந்தக் கிராமத்துப் பள்ளியில் வேலை பார்த்த ஒருவரைச் சந்தித்தேன். பேச்சுவாக்கில் சொன்னார், அந்தப் பள்ளியில் எட்டாவதிலும் ஒன்பதாவதிலும் ஆங்கிலத்துக்கு வாத்தியாரே இல்லையாம். இடம் காலி, யாரையும் போடவில்லை. இரண்டு வருடப் பாடம் அந்தப் பையனுக்கு யாரும் நடத்தவேயில்லை. "முன்னால எங்க படிச்ச, யார் இங்கிலீஷ் எடுத்தா" என்று அவனிடம் நான் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

அந்தப் பையன், இப்போது ஐம்பதைத் தாண்டியவர், இந்த ஃபேஸ்புக்கில் என் நட்பில் இருக்கிறார். சொந்தப் பட்டறை, பத்துப் பேருக்கு வேலை கொடுக்கிறார். போன பொங்கலுக்கு "வணக்கம் சார், நல்லாருக்கீங்களா" என்று போட்டிருந்தார். நன்றாக இருக்கிறார் என்பதால் நான் செய்தது சரியாகிவிடாது. ஐயா, இதைப் படித்தால் உங்கள் அப்பா கேட்ட கேள்விக்கு நான் அன்று பதில் சொல்லவில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். அவர் இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும்.

பழைய நோட்டை இன்னும் வைத்திருக்கிறவர்கள், குறிப்பாக இன்றைக்கு நீங்களே வாத்தியாராக இருக்கிறவர்கள், அந்தப் பதினாறாவது வரியை அடித்துவிடுங்கள். என் டிக்கையும் சேர்த்து அடியுங்கள். பக்கத்தில், 'நிரூபிக்க வேண்டியதையே ஆதாரமாகக் கொள்ளுதல்' என்று எழுதிக்கொள்ளுங்கள். அதே பட்டியலில் மீதி முப்பத்தொன்பதையும் இப்போது அகராதியோடு ஒத்துப்பார்த்துக்கொண்டிருக்கிறேன். இதுவரை இன்னும் இரண்டு சிக்கியிருக்கிறது. அவற்றை அடுத்த பதிவில் போடுகிறேன்.

சென்னை மாணவன் நான் சொன்னபடி, கேள்விகளை எண் போட்டு மறுபடியும் அனுப்பினான். இரண்டுக்குப் பதில் வந்துவிட்டதாம். மூன்றாவதற்கு, "விசாரித்துச் சொல்கிறோம்" என்று எழுதியிருக்கிறார்களாம்.